உபயம்.08: மாமாவின் பழைய விண்டோஸ் 7-இல் பிரிவியூ வரவைத்த கதை

அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் போனேன். மூன்று சனிக்கிழமை பிடித்தது. கடைசியில் போன கிழமை பின்னேரம், மாமா கீழ் அம்புக்குறியை ஒவ்வொரு தட்டாகத் தட்ட, திரையின் வலப்பக்கத்தில் கோப்புகள் ஒவ்வொன்றாகத் தமிழில் தெரிந்தன. எந்தக் கோப்பும் திறக்கப்படவில்லை, நோட்பேட் எழும்பவில்லை. மறக்க முதல் எழுதி வைக்கிறேன். நான் விட்ட பிழைகளையும் சேர்த்துத்தான்.

மாமா மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடிக்குக் கிட்ட இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். ஊர்க் கோயிலுக்கு 2007-இல் இருந்து அவர்தான் செயலாளர். கூட்டக் குறிப்பு, வரவு செலவு, கடிதம், எந்தத் திருவிழா எந்தக் குடிக்கு (குலத்துக்கு), உபயம் யார் செய்தது, எவ்வளவு கட்டினார்கள் எல்லாவற்றையும் நோட்பேடில் அடித்து வைத்திருக்கிறார். வேர்டு, எக்செல் ஒன்றும் அவருக்குப் பிடிக்காது. "நோட்பேட் என்றா நான் எழுதினத மட்டும் வைச்சிருக்கும், தன்ர பாட்டுக்கு ஒண்டும் செய்யாது" என்பார். அதில் எனக்கும் உடன்பாடுதான்.

மெஷின் பழசு. பென்டியம் டூயல் கோர், 2 ஜிபி ராம், 17 அங்குலச் சதுரத் திரை, விண்டோஸ் 7 32 பிட். விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-உடன் நிறுத்திவிட்டது. அதனால் இணைய வயரை நானே முன்பு ஒருநாள் கழற்றி விட்டிருந்தேன். புதிதாக வாங்கித் தரவா என்று கேட்டால், "இது கிடக்கட்டும், என்னோட சேர்ந்து போகும்" என்று கதையை முடித்துவிடுவார்.

பிரச்சினை இப்படித்தான் தொடங்கியது. கொடியேற்றத்துக்கு ஐந்து கிழமை இருக்கும்போது வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) வீட்டுக்கு வந்து, ஐந்தாம் திருவிழாவில் முந்தி ஒரு வருடம் இரண்டு குடியார் சேர்ந்து உபயம் செய்தார்களே, அது எந்த வருடம் என்று கேட்டிருக்கிறார். மாமா ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்திருக்கிறார். அவருக்கு இப்போது கை கொஞ்சம் நடுங்கும். திறந்த கோப்பில் விரல் எங்கோ பட்டு, மூடும்போது சேமிக்கவா என்று கேட்டதற்கு ஓம் கொடுத்து, ஒரு கணக்கில் 12,500 என்பது 125,00 ஆகிவிட்டது. அது எத்தனை கோப்பில் நடந்ததென்று அவருக்கே தெரியாது. இரவு எனக்குப் போன் எடுத்தார். "மருமகன், திறக்காம உள்ளுக்க பாக்க ஏலாதா?"

ஏலும். விண்டோஸ் 7-இல் பிரிவியூ பேன் என்று ஒன்று இருக்கிறது. கோப்பை ஒருமுறை சொடுக்கினால் போதும், உள்ளே இருப்பது வலப்பக்கத்தில் தெரியும். எழுத்தைத் தெரிவுசெய்து பிரதி எடுக்கலாம், ஆனால் அங்கே தட்டச்ச முடியாது. மாமாவின் கைக்கு இதுதான் மருந்து. ஆல்ட் விசையோடு பி-யை அழுத்தினால் பலகம் வரும் என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். அழுத்தினார். பலகம் வந்தது, அதன் நடுவில் 'நோ பிரிவியூ அவைலபிள்' என்று மட்டும் இருந்ததாம். சரி, சனிக்கிழமை வாறேன் என்றேன்.

ஆடி மாதம், கச்சான் காற்று வீச்சு. கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் போனேன். போய் மெஷினைப் போட்டால் முதல் கோளாறு பிரிவியூவிலேயே இல்லை. மணிக்கூடு 2009 ஜனவரி 1 என்று காட்டியது. மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி செத்துப் போயிருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் திகதி பின்னுக்கு ஓடியிருக்கிறது. ஃபோல்டரைத் திறந்து திகதிப்படி அடுக்கிப் பார்த்தேன். பாதிக் கோப்புகள் 2009 ஜனவரியில் மாற்றப்பட்டதாகக் காட்டின. அதாவது கடைசியாக எந்தக் கோப்பில் கை பட்டது என்று திகதியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழியும் அடைபட்டது. சந்தியில் மணிக்கூடு திருத்தும் கடையில் சிஆர்2032 ஒன்று 200 ரூபா. பழையதைக் கழற்ற ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் பக்கத்துக் கொக்கியைத் தள்ளினால் துள்ளிக்கொண்டு வரும். கழற்றியதை மீட்டரில் பிடித்துப் பார்த்தேன். 3 வோல்ட் இருக்கவேண்டியது 1.4 காட்டியது. இந்த வேலைக்கென்று காசு கொடுத்து வாங்கியது இந்த ஒன்றுதான்.

பிறகு பிரிவியூவுக்கு வந்தேன். ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், அதில் வியூ என்ற பக்கம், கீழே இறங்கிப் போனால் 'ஷோ பிரிவியூ ஹேண்ட்லர்ஸ் இன் பிரிவியூ பேன்' என்று ஒரு வரி. அதில் சரி அடையாளம் இல்லை. முன்பு யாரோ மெஷினை வேகமாக்கித் தருகிறேன் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். அடையாளம் போட்டு, ஃபோல்டரை மூடித் திறந்து, ஒரு கோப்பைச் சொடுக்கினேன். வந்தது. இவ்வளவுதானா என்று எழும்பினேன். மாமா அடுத்த கோப்பைச் சொடுக்கினார். 'நோ பிரிவியூ அவைலபிள்.' அதற்கடுத்ததும் அப்படியே.

அப்போதுதான் கோப்புகளின் பெயரைச் சரியாகப் பார்த்தேன். மொத்தம் 163 கோப்புகள். அதில் 45-க்குத்தான் டாட் டிஎக்ஸ்டி என்ற வால் இருந்தது. மற்ற 118-க்கும் மாமா கந்தோர் ஃபைலுக்கு இலக்கம் போடுகிற மாதிரிப் பெயர் வைத்திருந்தார். ஆங்கில எழுத்தில் உபயம், புள்ளி, 08. அப்புறம் உபயம்.09, வரவு.09, கூட்டம்.12. புள்ளிக்குப் பின்னால் வருவது வருடம். மனிதருக்கு அது வருடம், விண்டோஸுக்கு அது எக்ஸ்டென்ஷன். 08 என்று ஒரு வகை, 09 என்று இன்னொரு வகை, இப்படியே 24 வரை பதினேழு வகைக் கோப்புகள் இந்த உலகத்தில் இருப்பதாக அது நம்பிக்கொண்டிருந்தது. நோட்பேடில் சும்மா சேமித்தால் டிஎக்ஸ்டி வால் தானாக ஒட்டிக்கொள்ளும். மாமாவுக்கு ஆரம்பத்தில் யாரோ 'ஆல் ஃபைல்ஸ்' என்பதைத் தெரிவு செய்து சேமிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பதினேழு வருடமாக ஒருநாள் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறார். வாத்தியார் அல்லவா.

இங்கேதான் என் முதல் பிழை. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து, எல்லாக் கோப்பின் வாலையும் டிஎக்ஸ்டி ஆக்கும் ஒற்றை வரிக் கட்டளையை அடித்தேன். 'ரென்', நட்சத்திரம் புள்ளி நட்சத்திரம், நட்சத்திரம் புள்ளி டிஎக்ஸ்டி. பிரதி எடுத்து வைக்காமல். உபயம்.08 என்பது உபயம்.டிஎக்ஸ்டி ஆனது. உபயம்.09-உம் உபயம்.டிஎக்ஸ்டி ஆகத்தானே வேண்டும்? அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று கட்டளை முரண்டு பிடித்து அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. திரை முழுக்க ஒரே பிழைச் செய்தி. முடிவில் ஒவ்வொரு வரிசையிலும் முதல் கோப்பு மட்டும் பெயர் மாறி, தன் வருடத்தைத் தொலைத்துவிட்டு நின்றது. ஒரே பெயரில் இரண்டு வர முடியாது என்று அது மறுத்ததால்தான் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படாமல் தப்பியது. ஏழு வரிசை, ஏழு கோப்பு. உள்ளே திகதி இருந்தபடியால் திறந்து பார்த்து வருடத்தைத் திரும்பப் போட்டேன். மாமா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடச் சங்கடமாக இருந்தது.

அதற்குப் பிறகு முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தேன். முதலில் செய்யவேண்டியதை இரண்டாவதாகச் செய்வது என் வழக்கம்.

பெயரை மாற்றுவதில்லை என்றால், 08 என்பதும் எழுத்துக் கோப்புத்தான் என்று விண்டோஸுக்குச் சொல்லவேண்டும். அது ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடத்தில். ரெஜ்எடிட்டைத் திறந்து, கரண்ட் யூசரின் கீழ் சாஃப்ட்வேர், அதன் கீழ் கிளாசஸ். அங்கே புள்ளி 08 என்று ஒரு கீ ஏற்கெனவே இருந்தது. மாமா எப்போதோ 'இந்த வகையை எப்போதும் நோட்பேடில் திற' என்று கொடுத்ததால் விண்டோஸ் தானாக உண்டாக்கிய கீ. பக்கத்திலேயே '08 ஆட்டோ ஃபைல்' என்று அதற்கு ஒரு துணையும் இருந்தது. ஆனால் இதெல்லாம் சொடுக்கினால் எதில் திறப்பது என்பதற்கு மட்டும். உள்ளே இருப்பது எந்த இனம் என்று சொல்லும் வரி இல்லை. அந்த வரியின் பெயர் 'பெர்சீவ்டு டைப்', இரண்டு சொல்லையும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதவேண்டும். வகை ஸ்ட்ரிங் வேல்யூ. அதற்குள் 'டெக்ஸ்ட்' என்று எழுதினால் போதும். எழுத்துக் கோப்புகளுக்கு விண்டோஸ் வைத்திருக்கும் பொதுவான பிரிவியூவை அது எடுத்துக்கொள்ளும். கரண்ட் யூசரின் கீழ் எழுதுவதால் மற்றக் கணக்குகளில் கை படாது, அட்மின் அனுமதியும் தேவையில்லை.

எழுதினேன். ஃபோல்டரை மூடித் திறந்தேன். வரவில்லை. எஃப்5 அழுத்தினேன். வரவில்லை. மெஷினையே நிறுத்திப் போட்டேன், அதற்கு நான்கு நிமிடம். வரவில்லை. பிரிவியூவைக் காட்டும் நிரலின் (பிரிவியூ ஹேண்ட்லர்) 32 இலக்கக் குறியீட்டை நேரடியாகக் கொடுக்கும் இன்னொரு வழி இருக்கிறது. அதைப் போனில் தேடி எடுத்து, திரையைப் பார்த்துப் பார்த்து ஓர் எழுத்தாக அடிக்கத் தொடங்கினேன். அப்போது மாமா தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"மருமகன், இதென்ன இங்கிலீஷ்?"

"எது மாமா?"

"பெர்சீவ்டு. 'சி'க்குப் பிறகு 'ஈ' தான் முந்தி, 'ஐ' பிந்தி. ஏழாம் ஆண்டில உனக்குப் படிப்பிச்சனான் எல்லோ?"

படிப்பித்தவர்தான். இரண்டு எழுத்தையும் இடம் மாற்றினேன். ஃபோல்டரைத் திறந்தேன். உபயம்.08 வலப்பக்கத்தில் வந்தது. ரெஜிஸ்ட்ரியில் இதுதான் தொல்லை. பெயரைப் பிழையாக எழுதினாலும் அது ஒன்றும் சொல்லாது. நீங்கள் கொடுத்த வரியை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

ஒன்று சரிவந்த பிறகு மற்றதெல்லாவற்றையும் கையால் அடிக்கத் தேவையில்லை. அந்த 08 கீயை எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு ரெஜ் கோப்பு கிடைக்கும். அதை நோட்பேடில் திறந்து, ஒட்டி ஒட்டி எண்ணை மட்டும் மாற்றி, 07-இல் இருந்து 30 வரை 24 பத்தி ஆக்கினேன். 2030 வரைக்கும் மாமா எழுதலாம். முதல் வரியில் 'விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் வெர்ஷன் 5.00' என்று இருப்பதை அலங்காரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இது ரெஜிஸ்ட்ரிக் கோப்பே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். பின்னொருநாள் எல்லாவற்றையும் நீக்க வேண்டுமானால், அதே கோப்பில் ஒவ்வொரு சதுர அடைப்புக்குள்ளும் கீயின் பெயருக்கு முன் ஒரு கழித்தல் குறி போட்டு ஓட்டினால் சரி. ஆனால் அப்படி ஓட்டினால் நோட்பேடில் திறக்கும் அந்தப் பழைய இணைப்பும் சேர்ந்து போய்விடும்.

அன்றைய வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். 163 கோப்பிலும் பிரிவியூ வந்தது. ஆனால் வந்தது தமிழ் இல்லை.

உபயம் என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் சி, ஜி, ஏ, கே என்று நான்கு ஆங்கிலச் சின்ன எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் இருந்தன. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் தட்டச்சுப் பழகியவர்களுக்கு இது பார்த்தவுடன் விளங்கும். பாமினி. எழுத்துகள் உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். மேலே போர்த்தியிருக்கும் எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டும். மாமாவின் நோட்பேடில் எழுத்துரு பாமினி என்று வைத்திருப்பதால் அங்கே உபயம் என்று தெரியும். பிரிவியூ பலகத்தில் எழுத்துருவைத் தெரிவு செய்ய இடமில்லை. அங்கே போர்வை இல்லாமல் எலும்பு மட்டும் தெரிகிறது. விண்டோஸ் 7-உடன் லதா, விஜயா என்று இரண்டு யூனிகோட் (தமிழைத் தமிழாகவே சேமிக்கும் முறை) எழுத்துருக்கள் வருகின்றன, ஆகவே தமிழ் காட்ட வசதி இல்லாமல் இல்லை. கோப்பில் தமிழ் இல்லை, அவ்வளவுதான்.

163-இல் 131 பாமினி. மற்ற 32-உம் பின்வந்த இளம் பொருளாளர் போனில் யூனிகோடில் அடித்து அனுப்பியவை.

இரண்டாவது சனிக்கிழமை முழுக்க மாற்றும் வேலை. மாமாவின் மெஷினில் இணையம் இல்லை. இருந்தாலும் குரோம் உலாவி 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. ஆகவே என் லேப்டாப்பைக் கொண்டுபோனேன். பாமினியை யூனிகோட் ஆக்கும் பக்கம் ஒன்றைப் போன் டேட்டாவில் திறந்து வைத்துக்கொண்டு, கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் பிரதி எடுத்து, ஒட்டி, மாற்றி, திரும்பப் பிரதி எடுத்து, சேமித்து. ஒரு கோப்புக்கு இரண்டு நிமிடம் என்றால் 131-க்கு நாலரை மணி நேரம். நடுவில் மாமி சோறு போட்டது தவிர வேறு இடைவேளை இல்லை.

இருபதாவது கோப்பளவில் கண்ணில் பட்டது, கணக்குகளில் 12,500 இருக்கவேண்டிய இடத்தில் '12இ500' என்று நின்றது. எங்கள் ஊர்ப் பழைய துண்டுப் பிரசுரங்களிலும் இணையத்தளங்களிலும் வசனத்தின் நடுவில் காரணமில்லாமல் ஒரு இ வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். பாமினியில் காற்புள்ளி விசைதான் இ. காற்புள்ளி வேண்டுமானால் 'பெரிது' என்ற கணிதக் குறியை அடிக்கவேண்டும். வசனம் எழுதும்போது மாமா அதைச் சரியாகத்தான் அடித்திருக்கிறார். தொகைகளை மட்டும் பொருளாளரின் ஆங்கிலப் பட்டியலில் இருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார். இவ்வளவு நாளும் கவனிக்கவில்லையா என்று கேட்டேன். "கவனிச்சனான். பன்னிரண்டாயிரத்து ஐநூறு எண்டு விளங்குதுதானே, மறுகா என்ன" என்றார். இரண்டு இலக்கத்துக்கு நடுவில் இ இருந்தால் அதைக் காற்புள்ளியாக்கும் ஒரு வரியை பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியில் எழுதி எல்லாக் கோப்பிலும் ஓட்டினேன். லேப்டாப்பில் ஓட்டியதால் அது சுலபம். அப்படியே 125,00 மாதிரிக் குழம்பிய தொகைகளையும் தேடினேன். நான்கு கிடைத்தன. மாமா தன் கொப்பியை வைத்துப் பார்த்துத் திருத்தினார்.

பென் டிரைவில் ஏற்றி, பழைய மெஷினில் இறக்கி, பிரிவியூவைப் பார்த்தால் வயிறு எரிந்தது. தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி. மறுபடியும் அதே ஏ, அதே வட்டத்து ஆர். ஒரு பக்கம் முழுக்க இந்த மூன்று மூன்றுதான். ஆனால் அதே கோப்பை இரட்டைச் சொடுக்கில் நோட்பேடில் திறந்தால் நல்ல தமிழ். பொருளாளரின் 32 கோப்புகளுக்கும் இதே கதை. முதல் நாளே இப்படித்தான் இருந்திருக்கவேண்டும், பாமினிக் குழப்பத்தில் நான் பார்க்கவில்லை.

அந்தச் சனி அத்தோடு முடிந்தது. இரவு வீட்டில் இருந்து யோசித்தேன். யூனிகோடைக் கோப்பில் எழுதும் ஒரு முறை யூடிஎஃப்-8. அதில் தமிழுக்கான ஒவ்வொரு யூனிகோட் குறியும் மூன்று பைட். பலகம் அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாக வாசிக்கிறது. நோட்பேட் உள்ளே எட்டிப் பார்த்து இது யூடிஎஃப்-8 என்று ஊகித்துவிடுகிறது, பலகம் ஊகிப்பதில்லை. கோப்பின் தலையில் அடையாளமாக மூன்று பைட் இருந்தால் மட்டும் நம்பும், அதற்குப் பெயர் பாம். விண்டோஸ் 7 நோட்பேட் யூடிஎஃப்-8 என்று சேமிக்கும்போது அந்த மூன்றையும் தானே போட்டுவிடும். என் லேப்டாப்பில் இருப்பது புதிய நோட்பேட், அது போடாமல் சேமிப்பதையே வழக்கமாக்கிக்கொண்டது. அதாவது பழைய மெஷினுக்கான கோப்புகளைப் புதிய மெஷினில் செய்ததுதான் குற்றம்.

163 கோப்பையும் பழைய நோட்பேடில் திறந்து திரும்பச் சேமிக்கலாம். ஆனால் அது சேமிக்கும்போது ஆன்சி என்றும் ஒரு தெரிவு இருக்கிறது, தமிழுக்கு இடமில்லாத பழைய முறை. அதைத் தவறுதலாகக் கொடுத்து, எச்சரிக்கைக்கும் ஓகே கொடுத்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். ஒரு கோப்பை அப்படிச் செய்து பார்த்தேன். வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்ல ஆசை.

மூன்றாவது சனி. பழைய நோட்பேடில் ஒன்றுமே எழுதாத வெறும் கோப்பை யூடிஎஃப்-8 என்று சேமித்தேன். ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தால் அளவு 3 பைட். உள்ளே எழுத்து எதுவும் இல்லை, ஆனால் மூன்று பைட் கனம். எனக்கு வேண்டியது சரியாக அதுதான். கறுப்புத் திரையில் காப்பி கட்டளைக்கு இரண்டு கோப்புகளைக் கூட்டல் குறியால் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றின் பின் ஒன்றாக ஒட்டிப் புதிய கோப்பாக்கும். முதலில் அந்த 3 பைட், அடுத்து உபயம்.08.

ஒட்டினேன். பிரிவியூவில் தமிழ்! ஆனால் கடைசி வரிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. அளவைப் பார்த்தேன். முன்பு 2,118 பைட். 2,121 ஆகியிருக்கவேண்டியது 2,122 ஆகியிருந்தது. அந்த ஒரு பைட் எங்கிருந்து வந்தது? கோப்புகளை ஒட்டும்போது காப்பி கட்டளை அவற்றை எழுத்துக் கோப்பு என்று எடுத்துக்கொண்டு, டாஸ் காலத்து வழக்கப்படி கடைசியில் ஒரு முடிவுக்குறியையும் வைக்கிறது. சாய்கோடும் பி-யும் சேர்த்துக் கொடுத்தால் பைட்டுக்குப் பைட் அப்படியே ஒட்டும். கொடுத்தேன். 2,121. பெட்டி போய்விட்டது.

எல்லாக் கோப்புக்கும் ஒரே சுற்றில் செய்ய 'ஃபார்' வரி. கையால் அடிக்கும்போது விழுக்காட்டுக் குறி ஒன்று, கட்டளைகளை எழுதி வைத்து ஓட்டும் பேட்ச் கோப்பில் எழுதும்போது இரண்டு. இதில் எல்லோரும் ஒருமுறையாவது விழுவார்கள், நானும் விழுந்தேன். வெளியீட்டை வேறொரு ஃபோல்டரில் போட வைத்தேன், பழையதில் கை வைக்கவில்லை. முதல் சனியின் பாடம். பொருளாளரின் கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் இருந்ததால் கறுப்புத் திரையில் அவை பெட்டி பெட்டியாக ஓடின. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் பெயர்கள் ஒழுங்காகவே இருந்தன. 163 கோப்பும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. பழையதன் மொத்த அளவுக்கும் புதியதன் மொத்த அளவுக்கும் வித்தியாசம் 489 பைட். 163 பெருக்கல் 3. அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன்.

இதைத் திரும்பச் செய்தால் ரெஜிஸ்ட்ரிப் பக்கமே போகமாட்டேன். உபயம்.08 என்பதன் பின்னால் இன்னொரு டிஎக்ஸ்டி வாலை ஒட்டி உபயம்.08.டிஎக்ஸ்டி ஆக்கி, தெரிந்த வகைகளின் வாலை மறை என்ற ஆப்ஷனைப் போட்டுவிட்டால், மாமாவின் கண்ணுக்கு அது உபயம்.08 என்றே தெரியும். அவருடைய பதிவுக் கொப்பியில் எழுதியிருக்கும் பெயர்களும் அப்படியே இருக்கும். 24 கீ, ஓர் எழுத்துப்பிழை, பாதி நாள் எல்லாம் மிச்சம். இது எனக்கு மூன்றாவது சனி திரும்பி வரும்போது ஆரையம்பதி தாண்டும் இடத்தில்தான் மண்டையில் பட்டது. செலவு என்று பார்த்தால் பேட்டரி 200 ரூபா, மூன்று தரம் போய்வந்த பெட்ரோல், கொஞ்சம் டேட்டா. நேரம் மொத்தம் பதினாலு மணி நேரம் வரும்.

ஐந்தாம் திருவிழாக் கேள்விக்கு விடை உபயம்.11-இல் இருந்தது. மாமா நான்காவது தட்டிலேயே கண்டுபிடித்து வண்ணக்கருக்குப் போன் எடுத்துவிட்டார்.

அன்று மாலையே புதிதாக ஒரு குறிப்பு எழுதவேண்டும் என்று நோட்பேடைத் திறந்து, பழையபடி பாமினியில் அடித்துச் சேமித்தார். பிரிவியூவில் சி, ஜி, ஏ, கே, அரைப்புள்ளி. இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். விரல் பழகிய விசைகளை இந்த வயதில் மாற்றச் சொல்ல முடியாது. இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி விசை அமைப்பே இருக்கிறது. அடிப்பது பாமினி மாதிரி, விழுவது யூனிகோட். அதைப் போட்டுக் கொடுத்தேன். சேமிக்கும்போது ஆன்சியைக் கொடுத்துவிடுவாரே என்ற பயம் மிச்சம் இருந்தது. அதற்கு அந்த வெறும் 3 பைட் கோப்பையே 'புதிது' என்று பெயர் மாற்றி டெஸ்க்டாப்பில் வைத்தேன். அதைப் பிரதி எடுத்து, பெயர் மாற்றி, அதற்குள் எழுதினால் நோட்பேட் யூடிஎஃப்-8-ஐயே பிடித்துக்கொள்ளும், எதையும் தெரிவு செய்யத் தேவையில்லை.

மாமா அதைச் சொடுக்கிப் பார்த்தார். வலப்பக்கம் வெறுமை. ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து அளவையும் பார்த்தார்.

"உள்ளுக்க ஒண்டுமில்ல, மூண்டு பைட் எண்டு காட்டுது. என்ன மருமகன் இது?"

"பிள்ளையார் சுழி எண்டு வையுங்க மாமா."

சரி என்று தலையாட்டி, அதைப் பிரதி எடுத்து கூட்டம்.24 என்று பெயர் போட்டு, முதல் வரியில் இன்னொரு பிள்ளையார் சுழியையும் தன் கையால் அடித்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கினார்.